குணபேதம் ஆராய்ந்த கார்ல் யூங்

ஒருவர் முகம்போல் மற்றொருவர் முகம் இராதது போலவே, ஒருவர் மனம்போல் மற்றொருவர் மனமும் இருப்பதில்லை. ஆயினும் பலரோடு பழகுங்கால், இன்னார் இன்ன இனத்தவர் என்று நம்மையறியாமலே வகுத்துக்கொள்ளுகிறோம். கதைகளையும் நாடகங்களையும் வாசிக்கும்போதும் அவற்றுள் வரும் பாத்திரங்களை அவ்வாறே வகுக்கிறோம். இவ்வழக்கத்தை ஒரு சாஸ்திரமாக்க முயன்றவருள் முதன்மையானவர் சுவிட்ஸர்லாந்து தேசத்து மனோதத்துவ அறிஞராகிய கார்ல் குஸ்தாவ் யூங் என்பவர். அவருடைய சரித்திரம் இவ்வழக்கத்தின் பயனையும் அபாயத்தையும் ஒருங்கே காட்டுவதாதலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

யூங் 1875-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 26-ஆம் நாள், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலுள்ள கெஸ்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பால் யூங் சீர்திருத்த சபைப் போதகர். அவர் பிரசங்கம் செய்துவந்தும், தம் உள்ளத்தெழுந்த ஐயங்களை வெளியிடமாட்டாமல் வருந்தியதை மைந்தர் இளமையிலேயே உணர்ந்தார். அன்றியும், தமக்குள்ளே இருவர் உறைவதாக அச்சிறுவருக்குத் தோன்றியது. ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கோடு இடர்ப்படும் பாலகர். மற்றவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த முதியவர் போன்றவர். இவ்விருமையால் மயங்கியிருந்த நாளில், தாயார் சொற்படி கெதே என்னும் ஜெர்மானியக் கவிஞர் இயற்றிய பாஸ்டு நாடகத்தைப் படித்தார். அது அவர் மனப்புண்ணுக்கு மருந்தாயிற்று. கற்றறிந்த பாஸ்டும் அவனை மயக்கும் மெபிஸ்டாபிலிஸும் தம் ஒரே உள்ளத்தில் ஒன்றாகப் பொருந்துவதை அவர் உணர்ந்தார். பிற்காலத்து ஆராய்ச்சிக்கு வித்து அங்கே விழுந்தது எனலாம்.

1896-இல் தந்தையார் காலஞ்சென்றார். வறுமையோடு போராடிப் பேஸல் சர்வகலாசாலையில் வைத்தியக் கல்வியை முடித்த யூங், 1900-ஆம் ஆண்டின் இறுதியில் ஸூரிச் நகரத்துப் புர்க்ஹோல்ட்ஸ்லி மனநோய் மருத்துவசாலையில் பணியேற்றார். 1907-இல் வியன்னாவிற்குச் சென்று பிராய்டு என்னும் பேரறிஞரைக் கண்டார். முதற் சந்திப்பிலேயே இருவரும் பதின்மூன்று மணி நேரம் இடையறாது உரையாடினர் என்பர். பிராய்டு அவரைத் தம் வழித்தோன்றலாகவே கருதினார். ஆயினும் கருத்து வேற்றுமை வளர்ந்து, 1913-இல் அந்நட்பு அடியோடு முறிந்தது.

இப்பிரிவே குணபேத ஆராய்ச்சிக்குப் பெரியதொரு தூண்டுகோலாயிற்று. பிராய்டின் குழாத்திலிருந்து 1911-இல் ஆட்லர் என்பவரும் பிரிந்திருந்தார். ஒரே நோயாளியின் வரலாற்றைப் பிராய்டு ஒரு விதமாகவும் ஆட்லர் வேறொரு விதமாகவும் விளக்குவர். இரண்டும் பொருந்துவனவாகவே தோன்றும். இஃது எங்ஙனம் கூடும் என்று யூங் சிந்தித்தார். பிராய்டின் நோக்கம் மனிதன் விரும்பிப் பற்றும் புறப்பொருள்களின்மேற் சென்றது. ஆட்லரின் நோக்கம் அம்மனிதன் தன்னை நிலைநாட்டிக் கொள்ளும் முயற்சியின்மேற் சென்றது. ஆகவே வேற்றுமை நோயாளியிடத்தில் இல்லை, விளக்குவோரிடத்தில் உள்ளது என்று துணிந்தார். 1913 செப்டம்பரில் மூனிக் நகரத்து மகாநாட்டில் இக்கருத்தைப் பேசினார். பிராய்டும் அவரும் ஒருவரையொருவர் இறுதியாகக் கண்டது அங்கேதான்.

அதன்பின் 1915, 1916 ஆகிய ஆண்டுகளில், ஹான்ஸ் ஷ்மிட் என்னும் வைத்திய நண்பரோடு இப்பொருள்பற்றிக் கடிதவாயிலாக வாதித்தார். சிந்தனை வழிப்பட்டவர் யூங். உணர்ச்சி வழிப்பட்டவர் ஷ்மிட். இயல்பால் மாறுபட்ட இருவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுதல் கூடுமா என்பதே அவ்வாதத்தின் நோக்கம். கடிதங்கள் பல சென்றும் உடன்பாடு பிறக்கவில்லை. அவர்கள் ஆராய்ந்த இடர்ப்பாட்டிற்கு அவர்களே சான்றாயினர்.

1921-இல் அவர் எழுதிய உளவகைகள் என்னும் பெருநூல் வெளிவந்தது. மனத்தின் ஆற்றல் உள்நோக்கிச் செல்வதை இயல்பாகவுடையார் அகநோக்கினர் என்றும், புறவுலகை நோக்கிச் செல்வதை இயல்பாகவுடையார் புறநோக்கினர் என்றும் இரு பெரும் பிரிவுகளை அவர் வகுத்தார். சிந்தனை, உணர்ச்சி, புலனறிவு, உள்ளுணர்வு என்னும் நான்கு தொழில்களோடு இவை கூட, வகை எட்டாகும். அகம், புறம் என்னும் சொற்கள் தமிழ் மாணவர்க்குப் பழகியனவே எனினும், பொருளிலக்கணத்து அகமும் புறமும் வேறு, இவை வேறு என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அந்நூலில் ஆதித் திருச்சபையின் ஆசிரியராகிய தெர்த்துல்லியனும் ஓரிகனும் ஆராயப்படுகின்றனர். எனினும் இலக்கியம் பயில்வார் மனத்தைக் கவர்வது, கார்ல் ஸ்பிட்டலர் என்னும் சுவிஸ் கவிஞர் படைத்த பிரமீத்தியூஸ், எபிமீத்தியூஸ் என்னும் சகோதரர் பற்றிய பகுதியே. தேவதூதன் ஒருவன் தோன்றி, ஆன்மாவைத் துறந்து அதற்கீடாக மனச்சாட்சியைப் பெற்றுக்கொண்டால் அரசுரிமை தருவதாகப் பிரமீத்தியூஸிடம் கூறுகிறான். அவன் மறுத்துத் தனிமையில் துன்புறுகிறான். தம்பியோ உடன்பட்டு அரசனாகிறான். பின்னர்ப் பண்டோரா என்னும் தெய்வமகள், உலகத் துயரைத் தீர்க்கவல்ல மணியொன்றைக் கொணர, எபிமீத்தியூஸ் அதன் அருமையை அறியமாட்டாது இழந்துவிடுகிறான். ஊர் ஒப்பிய ஒழுக்கமே அவனுக்கு அளவுகோல். அவ்வளவுகோலில் அடங்காத புதுப்பொருளை அளக்க அவனிடம் யாதும் இல்லை.

யூங் தமையனை அகநோக்கினன் என்றும் தம்பியைப் புறநோக்கினன் என்றும் கண்டார். ஆனால் பெயரிட்டதோடு அமைந்தாரில்லை. ஒருவன் உலகை இழந்தான். மற்றொருவன் தன்னை இழந்தான். ஆகவே இருவரும் குறையுடையோரே. ஒரு மனிதனுக்குள்ளேயே பிளவுண்டு கிடக்கும் இரு கூறுகளே இச்சகோதரர் என்றும், அவ்விரண்டும் கூடுமிடமே அம்மணி என்றும் அவர் விளக்கினார். பாத்திரத்தை வகுத்தல் அவருக்கு ஆராய்ச்சியின் தொடக்கமாயிற்றேயன்றி முடிவாகவில்லை.

1934-இல் அந்நூலின் அர்ஜென்டீன தேசத்துப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், மனிதர்மேற் பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்கு இந்நூலைப் பயன்படுத்துதல் சிறுபிள்ளை விளையாட்டாகும் என்று அவர் கண்டித்தார். வருந்தத்தக்க செய்தி யாதெனில், அதே 1934-இல் வெளியிட்ட வேறொரு கட்டுரையில் யூதர் மனம் ஒருவகை, ஜெர்மானியர் மனம் வேறொருவகை என்று இனத்தால் பிரித்து எழுதினார். ஹிட்லரின் ஆட்சி யூதரைத் துன்புறுத்தத் தொடங்கிவிட்ட காலம் அது. தனி மனிதர்மேற் சீட்டு ஒட்டலாகாதென்றவர், துன்புற்ற ஒரு சமூகத்தார் அனைவர்மேலும் ஒட்டினார். அதற்காக அன்றும் பின்னும் பெரும் பழிக்காளானார். அறிஞர் என்பதற்காக இக்குற்றத்தை மறைத்தல் சரித்திரத்திற்கு ஏற்றதன்று.

1923-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்த அமெரிக்க மாதாகிய காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இஸபெல் மையர்ஸும் அக்கொள்கையை விரித்துப் பதினாறு வகைகளாக்கினர். இஸபெல் 1940-களில் வினாத்தாள் ஒன்றை அமைத்தார். இன்று பலர் அவ்வினாத்தாளின் முறையைக் கொண்டே கதைமாந்தரையும் வகுக்கின்றனர். ஆனால் மனோதத்துவ அறிஞர் பலர் இவ்வகைகளை அப்படியே ஏற்பதில்லை. அகநோக்கும் புறநோக்கும் இரு பெட்டிகள் அல்ல, ஒரு கோலின் இரு முனைகள். மக்களிற் பெரும்பாலார் இடையிலேயே நிற்கின்றனர் என்பது அவர்தம் முடிபு.

யூங் 1961-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6-ஆம் நாள், கூஸ்நாக்ட் என்னும் ஊரில் தம் 85-ஆம் வயதில் காலமானார்.

நண்பர்காள்! நம்மின் வேறுபட்டவன் தீயவனாகவோ மூடனாகவோ இருத்தல் வேண்டுவதில்லை. அவன் வேறொரு வாயில் வழியாக உலகைக் காண்பவனாகலாம் என்று கற்பித்தது அவர் வாழ்வின் பெருமை. அவ்வாயிலுக்கு இட்ட பெயரே உள்ளிருப்பவன் என்று எண்ணிவிடுதல் எத்துணைக் கேடு என்பதையும் அவ்வாழ்வே காட்டுகின்றது. ஒரு காவியத்தலைவனை இன்ன வகையினன் என்று நாம் குறித்தபின், அக்குறிப்பில் அடங்காது அவன் செய்த செயல் யாதென்று தேடுவோமாயின், காவியமும் விளங்கும். நம் அடுத்த அறையில் வாழும் மாணவனும் விளங்குவான்.