காலராக் கிருமியைக் குடித்த விஞ்ஞானி - பன்றிக்குட்டியின் குடலுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

பேரங்காடியின் குளிர்பெட்டியில் சின்னச் சின்ன போத்தல்களில் விற்கும் புரோபயோட்டிக் பானத்தை நீங்களும் குடித்திருப்பீர்கள்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த கிருமிகளைத் தூளாக்கி, பன்றிப் பண்ணைகளில் குட்டிகளுக்கான தீவனத்திலும் கலக்கிறார்கள். தெரியுமா?

இரண்டுக்கும் பின்னால் இருக்கும் யோசனையை உலகம் முழுக்கப் பேசவைத்தவர் இலியா மெச்னிகோவ். அவர் இறந்து 100 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் முழுமையான பதில் கிடைக்கவில்லை.

மெச்னிகோவ் 1845இல் கார்கிவ் நகருக்கு அருகே பிறந்தார். இன்றைய உக்ரேன், அன்றைய ரஷ்யப் பேரரசு. நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பை இரண்டே ஆண்டில் முடித்த கெட்டிக்காரர்.

சொந்த வாழ்க்கை அவ்வளவு சுலபமாக இல்லை. காசநோயால் அவதிப்பட்ட லுட்மிலாவை அவர் மணந்தபோது, மணப்பெண்ணை நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கிச்சென்றார்கள். நான்கு ஆண்டில், 1873இல், அவர் இறந்துபோனார். மனமுடைந்த மெச்னிகோவ் தம் உயிரையே மாய்த்துக்கொள்ளப் பார்த்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். பின்னர் ஓல்காவை மணந்தார். கடைசிவரை அவருடைய ஆய்வுகளுக்குத் துணையாக இருந்தவர் ஓல்காதான்.

ரோஜா முள்ளில் தொடங்கிய கதை

1882. இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள மெசினா நகரம். வீட்டில் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். மெச்னிகோவ் மட்டும் போகவில்லை. நுண்ணோக்கியில் நட்சத்திர மீனின் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குஞ்சுகளின் உடல் கண்ணாடி மாதிரி. உள்ளே நடப்பதெல்லாம் அப்படியே தெரியும்.

உடலுக்குள் சில உயிரணுக்கள் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டே இருந்தன. இவை என்ன செய்கின்றன? வெளியிலிருந்து வரும் எதிரியைத் தாக்கத்தான் இப்படி அலைகின்றனவோ?

தோட்டத்துக்குப் போய் ரோஜா முட்களைப் பறித்துவந்து குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு தூக்கமே இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால், முட்களைச் சுற்றி அந்த உயிரணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன!

நம் உடலில் கிருமிகளைப் பிடித்து விழுங்கும் உயிரணுக்கள் இருக்கின்றன என்ற கண்டுபிடிப்பு அங்கிருந்துதான் வளர்ந்தது. பலர் அதை உடனே ஏற்கவில்லை. இரத்தத்தில் கரைந்திருக்கும் எதிர்ப்பொருள்கள்தான் நம்மைக் காக்கின்றன என்று ஜெர்மன் விஞ்ஞானிகள் வாதாடினார்கள். சண்டை பல ஆண்டு நீடித்தது. கடைசியில் 1908இல் நோபெல் பரிசை மெச்னிகோவுக்கும், எதிரணியைச் சேர்ந்த பால் எர்லிக்குக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

கிருமியைக் குடித்தார், ஒன்றும் ஆகவில்லை

1888இல் மெச்னிகோவ் பாரிஸின் பாஸ்டர் கழகத்தில் சேர்ந்தார். சில ஆண்டில் பிரான்ஸில் காலரா பரவியது. ஒரே கிருமிதான். ஆனால் ஓர் ஊரில் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள், பக்கத்து ஊரில் ஒன்றுமே இல்லை. ஏன்?

காலராக் கிருமிகளை வளர்த்து, தாமே குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. முன்வந்த ஒருவருக்கும் கொடுத்தார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்து குடித்த இளைஞர் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார்.

இதைத் துணிச்சல் என்று பாராட்ட மனசு வரவில்லை. தம் உயிரைப் பணயம் வைத்தது வேறு, இன்னொருவர் உயிரை வைத்தது வேறு. இன்றைக்கு எந்த ஆய்வு நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது.

ஆனாலும் அந்த முடிவு மெச்னிகோவை ஓர் இடத்துக்குக் கொண்டுபோனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருவதற்கு, குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் மற்ற கிருமிகள் காரணமாக இருக்குமோ? ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது, சில கிருமிகள் காலராக் கிருமி வளர உதவின, சில தடுத்தன. வளர்ந்த முயலுக்கு எளிதில் வராத காலரா, பால்குடிக்கும் முயல்குட்டிகளைத் தாக்கியது. குட்டியின் குடலில் கிருமிகளின் கூட்டம் இன்னும் சரியாக அமையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தயிர் மோகம்

அடுத்த கட்டத்தில் மெச்னிகோவ் கொஞ்சம் அவசரப்பட்டார் என்றே சொல்லலாம். பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் கிருமிகள்தான் முதுமைக்குக் காரணம், தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலக் கிருமிகள் அவற்றை அடக்கும் என்று நம்பினார். பல்கேரியக் கிராமவாசிகளின் நீண்ட ஆயுளுக்கு அவர்கள் சாப்பிடும் தயிரே காரணம் என்றும் நினைத்தார். 1904இல் பாரிஸில் இதைப் பற்றி அவர் பேசினார். அதன்பிறகு புளித்த பாலுக்கு ஐரோப்பாவில் ஒரே மவுசு. அவரும் நாள்தோறும் குடித்தார்.

முதல் உலகப் போரின் நடுவே, 1916 ஜூலையில், இதயக் கோளாறால் மெச்னிகோவ் இறந்தார். வயது 71. அவருடைய அஸ்தி பாஸ்டர் கழகத்திலேயே இருக்கிறது.

1920களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வுகள், பல்கேரியத் தயிர்க் கிருமி மனிதக் குடலில் தங்குவதில்லை என்று காட்டின. மோகம் தணிந்தது.

சரி, பன்றிக்குட்டிக்கு வருவோம்

தாயின் வயிற்றில் இருக்கும்போது பன்றிக்குட்டிக்கு எதிர்ப்பொருள்கள் கிடைப்பதில்லை. பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில்தான் கிடைக்கும். பண்ணைகளில் மூன்று, நான்கு வாரத்திலேயே தாய்ப்பாலை நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பாதுகாப்பும் போய்விடும், தீவனமும் புதிது, கூட இருக்கும் குட்டிகளும் புதிது.

அந்த நேரம் பார்த்து ஒருவகை இ.கோலை கிருமி குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நச்சை வெளியிடும். கடுமையான வயிற்றுப்போக்கு. அந்த நச்சுகளில் ஒன்று காலரா நச்சுக்கு நெருங்கிய சொந்தம்!

முன்பெல்லாம் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலந்து சமாளித்தார்கள். ஆனால் அது மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடும். கால்நடை வேகமாக வளர்வதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. அதற்குப்பின் மெச்னிகோவின் பழைய கேள்விக்கு மீண்டும் மவுசு வந்தது.

நல்ல கிருமி கெட்ட கிருமியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். குடல் சுவரின் இடைவெளிகளை இறுக்கலாம். அங்கே காவலிருக்கும் விழுங்கும் உயிரணுக்களைத் தட்டி எழுப்பலாம்.

எல்லா நேரமும் அப்படி நடக்கிறதா? இல்லை. எண்டரோகாக்கஸ் ஃபீசியம் என்ற புரோபயோட்டிக் கிருமி சில ஆய்வுகளில் குட்டிகளின் வயிற்றுப்போக்கைக் குறைத்தது. ஆனால் ஜெர்மனியில் செய்து 2009இல் வெளியான ஆய்வில், அதைச் சாப்பிட்ட குட்டிகளுக்கு சால்மோனெல்லா தொற்றியபோது, சாணத்தில் வெளியேறிய சால்மோனெல்லாவின் அளவு குறையவில்லை. கூடியிருந்தது. அதனால்தான் ஆய்வாளர்கள் இப்போது எந்தக் கிருமி, எந்த நோய்க்கு, குட்டியின் எந்த வயதில் என்று தனித்தனியாகச் சோதித்துப் பார்க்கிறார்கள்.