பளபளப்பைக் கணக்கிட்ட மாணவர்

பகாவ் தோட்டப்புறங்களில் மழை விட்டதும் செம்பனை ஓலையில் வெயில் பளபளக்கும். அந்தப் பளபளப்பைக் கணினித் திரைக்குக் கொண்டுவர வழி கண்டவர் ஒரு மாணவர்: புய் துவோங் ஃபோங்.

1942-இல் ஹனோயில் பிறந்து, பிரான்சில் பயின்று, 1971-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணினி, உருவங்களைச் சிறு பலகோணத் துண்டுகளாக வரையும். அப்போதெல்லாம் துண்டின் மூலைகளில் மட்டும் வெளிச்சத்தைக் கணக்கிட்டு, இடையில் நிரவிவிடுவார்கள். நடுவில் விழும் மினுக்கம் தொலைந்துபோகும். ஃபோங், பரப்பு எத்திசை நோக்குகிறது என்பதை ஒவ்வொரு புள்ளியிலும் கண்டு, அங்கேயே வெளிச்சத்தைக் கணக்கிட்டார்.

1973-இல் முனைவர் பட்டம். 1975 ஜூனில் ஆய்வுக் கட்டுரை அச்சேறியது. அதே ஆண்டில் நோய் அவரைக் கொண்டுபோனது. வயது 32.

அம்முறைக்கு ‘ஃபோங் ஷேடிங்’ என்றே பெயர். வியட்நாமியருக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். ஃபோங் என்பது பெற்றோர் அவருக்கு வைத்த பெயர்.