கால்வாய் கடந்த காரிகை

பூகோளப் புத்தகத்திலே இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே ஒரு மெல்லிய நீலப் பட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஆங்கிலக் கால்வாய். கால்வாய் என்றதும் நம் படவேட்டு வயல்களுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலை நினைத்துவிடாதீர்கள், மாணவியரே! மிகக் குறுகிய இடத்திலேயே அதன் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். கோடையிலும் உடம்பை விறைக்க வைக்கும் குளிர்ந்த நீர். ஏறக்குறைய ஆறு மணிக்கு ஒருமுறை திசை மாறும் நீரோட்டம். போதாக்குறைக்கு ஓயாமல் வந்துபோகும் கப்பல்கள். இந்தக் கடலை 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் நீந்திக் கடந்தார் ஒரு வங்காளப் பெண். ஆசியப் பெண்களுள் அதைச் செய்த முதல்வர் அவரே. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது நிரம்பி ஐந்து நாட்களே ஆகியிருந்தன. அவர் பெயர் ஆரத்தி சாகா.

ஆரத்தி 1940ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் பஞ்சுகோபால் சாகா, நடுத்தரக் குடும்பம். மூன்று வயது நிரம்புமுன்பே தாயை இழந்த அக்குழந்தை, வடகல்கத்தாவில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தது. தம் மாமாவோடு கங்கைக் கரையிலுள்ள சம்பாதலா படித்துறைக்குக் குளிக்கப் போவது அவருக்கு வழக்கம். நான்கு வயதுக் குழந்தை அங்கேதான் கைகால் அடித்து மிதக்கக் கற்றது. மகளுக்குத் தண்ணீரின்மேல் உள்ள ஆசையைக் கண்ட தந்தை, அதட்டி வீட்டில் உட்கார வைக்கவில்லை. ஹாட்கோலா நீச்சல் கழகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இந்த ஒரு செயலுக்காகவே அந்தத் தந்தையைப் பாராட்ட வேண்டும். நம் பக்கத்திலே ஆண்பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்குகிறோம். பெண்பிள்ளையைக் கரையிலே துணி காக்க வைத்துவிடுகிறோம். ஏரி, கிணறு, ஆறு இவற்றின் அருகே வாழும் பெற்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

1946இல், ஐந்து வயதிலேயே, 110 கெஜப் போட்டியில் ஆரத்தி தங்கப் பதக்கம் வென்றார். அவரைப் பயிற்றுவித்தவர் சச்சின் நாக். 1951இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர் அவர். இப்படிப்பட்ட ஆசான் வாய்த்தது ஆரத்தியின் பேறு எனலாம்.

வேகமாக நீந்துவது எப்படி? கைகளை வேகவேகமாகச் சுழற்றினால் போதும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. காற்றைவிடத் தண்ணீர் எண்ணூறு மடங்குக்கு அருகில் அடர்ந்தது. ஆகவே வலிமையைக் கூட்டுவதற்கு முன்னே தடையைக் குறைக்க வேண்டும். தலையை நிமிர்த்தினால் கால் தாழ்ந்துபோகும். கால் தாழ்ந்தால் உடம்பே தண்ணீரைத் தடுக்கும் பலகையாகிவிடும். முகத்தை நீரில் பதித்து, உடம்பைக் கோலைப் போல் நீட்டி, மூச்சை நீருக்குள்ளேயே விட்டு, தலையை வேண்டிய அளவே திருப்பி மீண்டும் காற்றை வாங்க வேண்டும். கை தண்ணீரைத் தட்டக் கூடாது. பிடித்துப் பின்னால் தள்ள வேண்டும். சிறுவர்கள் தவளை நீச்சல் என்று சொல்லும் மார்பு நீச்சலில் இது இன்னும் நுட்பமானது. முழங்காலை மடக்கி இழுக்கும் நொடியில் வேகம் பெரும்பாலும் செத்துவிடும். உதைத்தபின் கைகளை முன்னே நீட்டி வழுக்கிச் செல்லும் அந்தச் சிறு இடைவெளியில்தான் தூரம் கிடைக்கிறது. அவசரக்காரன் அந்த இடைவெளியை விழுங்கிவிடுவான், களைத்தும் போவான்.

ஆரத்தியின் தனிச்சிறப்பு இந்த மார்பு நீச்சலில் இருந்தது. அக்காலத்தில் இந்தியாவின் சிறந்த நீச்சல் வீராங்கனை பம்பாயைச் சேர்ந்த டாலி நசீர். 1948இல் பம்பாயில் நடந்த தேசியப் போட்டியில் சிறுமி ஆரத்தி வெள்ளிப் பதக்கங்கள் பெற்றார். 1951இல் மேற்கு வங்கப் போட்டியில் 100 மீட்டர் மார்பு நீச்சலை 1 நிமிடம் 37.6 விநாடியில் முடித்து, டாலி நசீரின் அகில இந்திய சாதனையை முறியடித்தார். அப்போது அவர் பத்து, பதினோரு வயதுச் சிறுமி!

அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக். பதினோரு வயதிலேயே இந்தியாவின் சார்பாக அங்கே சென்றார். உடன் சென்ற பெண்கள் டாலி நசீர் உள்பட மூவரே. 200 மீட்டர் மார்பு நீச்சலின் முதற்சுற்றில் ஆரத்திக்கு 3 நிமிடம் 40.8 விநாடி ஆயிற்று. தங்கம் வென்ற ஹங்கேரி நாட்டு ஈவா செக்கேலிக்கோ இறுதிப் போட்டியில் 2 நிமிடம் 51.7 விநாடியே போதுமாக இருந்தது. இந்த இடைவெளிக்கு வயது மட்டுமே காரணம் அன்று. அன்றைய விதிப்படி மார்பு நீச்சல் போட்டியில் கைகளை நீருக்கு மேலே வீசி முன்கொண்டு வரலாம். செக்கேலி அப்படித்தான் நீந்தினார். நீருக்குள் கையை முன்னே தள்ளும்போது ஏற்படும் தடை இதில் இல்லையல்லவா? அந்த ஒலிம்பிக்குக்குப் பிறகு இதனைப் பட்டாம்பூச்சி நீச்சல் என்று தனிப் போட்டியாகவே பிரித்துவிட்டார்கள்.

ஊர் திரும்பிய ஆரத்திக்கு ஓர் அடி காத்திருந்தது. 100 மீட்டர் நீச்சலில் சொந்தத் தங்கை பாரதியிடமே தோற்றார். அதன்பின் மார்பு நீச்சலிலேயே கருத்தைச் செலுத்தினார்.

1958ஆம் ஆண்டில் டாக்கா நகரத்து பிரோஜன் தாஸ் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மிகிர் சென் கடந்து, அதைச் செய்த முதல் இந்தியரானார். இச்செய்திகள் ஆரத்தியின் உள்ளத்தில் தீ மூட்டின. அவருடைய பெயரைப் பட்லின் பன்னாட்டுக் கால்வாய்ப் போட்டிக்குப் பரிந்துரைத்தவர் பிரோஜன் தாஸே. ஆனால் ஆசை மட்டும் கப்பல் ஏற்றாதே! பணத்துக்கு எங்கே போவது? ஹாட்கோலா கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் அருண் குப்தா முன்னின்று நிதி திரட்டினார். போதவில்லை. முதலமைச்சர் பிதான் சந்திர ராய் 11,000 ரூபாய் கிடைக்க வழி செய்தார்.

பயிற்சியின் போக்கும் இப்போது மாறியது. நூறு மீட்டர் ஓட்டக்காரியை மாதக்கணக்கில் பாதயாத்திரைக்குத் தயார் செய்வது போன்ற வேலை இது. குறுந்தூரத்தில் உள்ள பலத்தையெல்லாம் ஒன்றரை நிமிடத்தில் கொட்டிவிடலாம். கடலிலோ ஒவ்வொரு கைவீச்சும் கடைசி மணி நேரத்துக்கும் மிச்சம் வைக்க வேண்டும். 1959 ஏப்ரல் 13ஆம் நாள் கல்கத்தா தேசபந்து பூங்காக் குளத்தில் எட்டு மணி நேரம் இடைவிடாது நீந்திக் காட்டினார். பின்னர் பதினாறு மணி நேரம் நீந்தினார். அந்தப் பதினாறு மணி நேரத்தின் முடிவில் கடைசி எழுபது மீட்டரை விரைந்து நீந்தி முடித்தாராம்! சீரான வேகத்தில் செல்லக் கற்றவருக்கே அது முடியும்.

ஜூலை 24இல் இங்கிலாந்து புறப்பட்டார். ஆகஸ்டு 13 முதல் கால்வாயிலேயே பயிற்சி. கல்கத்தாக் குளத்து வெதுவெதுப்பான நீர் எங்கே, அந்தக் கடல் எங்கே! குளிர் தாக்காமலும் உடை உராய்ந்து புண்ணாகாமலும் இருக்கக் கால்வாய் நீச்சலில் உடம்பில் கொழுப்பைப் பூசிக்கொள்வார்கள். உடன் வரும் படகிலிருந்து ஆகாரம் கொடுக்கலாம். ஆனால் நீந்துபவர் படகையோ ஆளையோ தொட்டுவிட்டால் அத்தனை மணி நேரப் பாடும் வீண்.

போட்டி ஆகஸ்டு 27ஆம் நாள் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு, பிரான்சு நாட்டுக் கிரீ நே முனையில் தொடங்கியது. பல நாடுகளிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர், பெண்கள் ஐவரே. எல்லாரும் நீரில் இறங்கிவிட்டனர். ஆரத்தியோ கரையில் நின்றார். அவருக்கு வழிகாட்ட வேண்டிய படகு வரவில்லை! நாற்பது நிமிடம் கழித்தே அவரால் இறங்க முடிந்தது. நாற்பது நிமிடம்தானே என்று நமக்குத் தோன்றும். நீரோட்டம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. உதவ வேண்டிய வேளையில் அதைத் தவறவிட்டவருக்கு, கரையை நெருங்கும் வேளையில் அதுவே எதிரியாகிவிடும். அப்படியே நடந்தது. முற்பகல் பதினொரு மணிக்கு இங்கிலாந்துக் கரைக்கு ஐந்து மைல் தொலைவில் இருந்தவரை எதிர்நீரோட்டம் மறித்தது. மாலை நான்கு மணி வரையிலும் போராடி இரண்டு மைலே முன்னேற முடிந்தது. அவர் விட மனமில்லாமல் நீந்திக்கொண்டே இருந்தார். படகோட்டியின் வற்புறுத்தலுக்கு இணங்கி முடிவில் படகேற நேர்ந்தது.

இந்த இடத்தில்தான் ஆரத்தி பெரியவராகிறார் என்பது என் எண்ணம். பிறர் திரட்டித் தந்த பணம், முதலமைச்சரின் உதவி, நாட்டின் எதிர்பார்ப்பு எல்லாம் அந்தப் பெண்ணின் தோளில் இருந்தன. துணையாக வந்த அருண் குப்தாவும் நோயுற்றார். கடல் மேலும் குளிரும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆரத்தி ஊர் திரும்பவில்லை. மீண்டும் பயிற்சி; மீண்டும் கடல்.

செப்டம்பர் 29ஆம் நாள் அதே கிரீ நே முனையில் இறங்கினார். நீரோட்டம் நீந்துபவரைப் பக்கவாட்டில் இழுப்பதால் நேர்க்கோட்டில் யாரும் அக்கால்வாயைக் கடப்பதில்லை. பாதை பாம்பு போல் வளையும். ஆரத்தி நீந்திய தூரம் 42 மைல் எனக் கணக்கிட்டனர். 16 மணி 20 நிமிடத்துக்குப் பின் சேண்ட்கேட் கரையில் கால் பதித்து, நம் மூவண்ணக் கொடியை ஏற்றினார். முதலில் வாழ்த்தியவர் இங்கிலாந்தில் இந்தியத் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் அம்மையார். பிரதமர் நேருவும் வாழ்த்தினார். மறுநாள் வானொலி நாடெங்கும் செய்தியைப் பரப்பியது.

கால்வாயின் கதையிலும் இது ஒரு தொடர்ச்சி. 1875இல் முதன்முதலாகக் கடந்த காப்டன் மாத்யூ வெப் மார்பு நீச்சலடித்து 21 மணி 45 நிமிடம் எடுத்தார். 1926இல் அமெரிக்கப் பெண் கெர்ட்ரூட் எடர்லி, கையை மாற்றி மாற்றி வீசும் கிரால் முறையில் பதினான்கரை மணி நேரத்தில் கடந்து, அதுவரை ஆண்கள் செய்திருந்த சாதனைகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளினார். எனினும் கால்வாய் எளியதாகிவிடவில்லை. பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்திய வல்வெட்டித்துறை வீரர் ஆழிக்குமரன் ஆனந்தன் 1984இல் இதே கால்வாயில்தான் உயிர் நீத்தார்.

1960ஆம் ஆண்டு ஆரத்திக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விளையாட்டு வீராங்கனை ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. தம் வெற்றிக்குப் பாடுபட்ட மருத்துவர் அருண் குப்தாவையே மணந்து, ரயில்வேயில் பணியாற்றி, அமைதியான இல்வாழ்க்கை நடத்தினார். 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் மஞ்சள் காமாலையும் மூளைக் காய்ச்சலும் அவரைத் தாக்கின. பத்தொன்பது நாள் நோயோடு போராடி, ஆகஸ்டு 23ஆம் நாள் காலமானார். அந்த ஆண்டில்தான் நம் தமிழ்நாட்டுச் சிறுவர் குற்றாலீசுவரனும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்.

1996இல் ஆரத்தியின் வீட்டருகே அவருடைய மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது. 1999இல் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த மூன்று ரூபாய் தபால்தலை வெளியிட்டது. தபால்தலை சேர்க்கும் மாணவியர் தம் ஏட்டில் அதைத் தேடிப் பார்க்கலாம்.