பந்தயக் கார்களின் இலக்கணத்தை மாற்றிய காலின் சாப்மன்

ஃபார்முலா 1 பந்தயத்தின் தொழில்நுட்பத்தையும் வணிகத்தையும் ஒருசேர மாற்றியவர், லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன். 1928-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், லண்டனில் கட்டமைப்புப் பொறியியல் பயின்றார். காரின் எடையைக் குறைப்பதே அவரது கொள்கை.

1968-இல் விளம்பரங்களுக்கு அனுமதி கிடைத்ததும், தேசிய வண்ணமான பச்சையைக் கைவிட்டு, சிகரெட் நிறுவனத்தின் வண்ணங்களைக் கார்களுக்குப் பூசினார். பந்தயத்தில் விளம்பரப் பணம் பெருகத் தொடங்கியது.

வேகத்துக்கு விலையும் இருந்தது. 1970-இல் மோன்ஸாவில் லோட்டஸ் கார் விபத்துக்குள்ளானதில் யோகன் ரிண்ட் உயிரிழந்தார். மறைவுக்குப் பின்னரே அவர் உலக சாம்பியனானார்.

காரின் அடிப்பகுதிக் காற்றோட்டத்தால் தரைப்பிடிப்பைக் கூட்டிய லோட்டஸ் 79, 1978-இல் மரியோ ஆண்ட்ரெட்டிக்குப் பட்டம் பெற்றுத் தந்தது. ஆனால், 1981-இல் இரட்டைச் சட்டகம் கொண்ட லோட்டஸ் 88 தடை செய்யப்பட்டது.

1982 டிசம்பர் 16-ஆம் தேதி மாரடைப்பால் சாப்மன் காலமானார். அவருக்கு வயது 54. மறு ஆண்டே தட்டையான அடிப்பகுதி கட்டாயமானது.