ஹென்றி ஜான் ஹார்ஸ்ட்மன் ஃபென்டன்

ஹென்றி ஜான் ஹார்ஸ்ட்மன் ஃபென்டன் (பெப்ரவரி 18, 1854 – சனவரி 13, 1929) ஒரு பிரித்தானிய வேதியியலாளர் ஆவார். ஐதரசன் பெராக்சைடும் இரும்பு உப்பும் சேர்ந்து கரிமச் சேர்மங்களை ஆக்சிசனேற்றம் செய்வதைக் கண்டறிந்தவர். இக்கலவை ஃபென்டன் கரணி என அழைக்கப்படுகிறது. சாயக்கழிவு நீரைத் தூய்மைப்படுத்தும் முறைகள் பலவற்றுக்கு இதுவே அடிப்படை.

வாழ்க்கை

ஃபென்டன் இலண்டனை அடுத்த ஈலிங்கில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயதானபோது, 1856 இல், வில்லியம் பெர்க்கின் இலண்டனில் முதல் செயற்கைச் சாயங்களுள் ஒன்றான மாவ் சாயத்தை உருவாக்கினார். சாயத் தொழிலும் அதன் கழிவுகளைச் சிதைக்கும் வினைக்குப் பெயர் தந்தவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தது ஒரு தற்செயல்.

இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியிலும் பயின்ற ஃபென்டன், பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலேயே செய்முறை விளக்குநராகவும் விரிவுரையாளராகவும் பணியாற்றினார். பண்பறி பகுப்பாய்வு குறித்துப் பாடநூல் எழுதியுள்ளார். 1899 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார்.

ஊதா நிறம்

கேம்பிரிட்ஜில் உடன் பயின்ற மாணவர் ஒருவர் கையில் கிடைத்த கரைசல்களை எல்லாம் ஒன்றாகக் கலந்தபோது ஊதா நிறம் தோன்றியதாகவும், அதன் காரணத்தை ஃபென்டன் தேடத் தொடங்கியதாகவும் கூறப்படுகிறது. டார்டாரிக் அமிலம், இரும்பு(II) உப்பு, ஐதரசன் பெராக்சைடு ஆகியவற்றைச் சேர்த்து, பின்னர் காரம் இட்டால் அந்நிறம் உண்டாவதை அவர் கண்டார். 1876 இல் இதனைச் சிறு குறிப்பாக வெளியிட்டார். அப்போது அது டார்டாரிக் அமிலத்தை இனங்காண உதவும் ஒரு நிறச் சோதனை மட்டுமே.

விரிவான கட்டுரை வெளிவரப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. டார்டாரிக் அமிலம் ஆக்சிசனேற்றம் அடைந்து டைஐதராக்சிமலேயிக் அமிலம் எனப் பெயரிடப்பட்ட சேர்மம் உருவாகிறது என்பதையும், மிகச் சிறிதளவு இரும்பே பேரளவு அமிலத்தை வினைபுரியச் செய்யப் போதுமானது என்பதையும் 1894 இல் அவர் எடுத்துக்காட்டினார். இரும்பு செலவாகித் தீர்வதில்லை, வினையூக்கியாகச் செயல்படுகிறது. இதுவே அவரது ஆய்வின் மையம் எனலாம். பின்னர் பல்ஐதரிக் ஆல்ககால்களுக்கும் இவ்வினையை விரிவுபடுத்தினார்.

விளக்கம்

இரும்பு எவ்வாறு செயல்படுகிறது என்பதற்கு இன்று ஏற்கப்படும் விடையை ஃபென்டன் தரவில்லை. அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1934 இல், ஃபிரிட்ஸ் ஏபரும் யோசப் வைசும் வெளியிட்ட கட்டுரையில் ஐதராக்சில் தனியுறுப்பின் பங்கு விளக்கப்பட்டது. இரும்பு(II) அயனி ஐதரசன் பெராக்சைடைப் பிளந்து இத்தனியுறுப்பை வெளியிடுகிறது. அது பெரும்பாலான கரிம மூலக்கூறுகளை விரைந்து தாக்கும். ஆகவே, ஃபென்டன் வினை என்ற பெயரில் பாடநூல்களில் எழுதப்படும் தனியுறுப்புச் சமன்பாடு ஃபென்டன் எழுதியதன்று.

சாயக்கழிவு நீரில் பயன்பாடு

கழிவுநீரில் உள்ள நச்சுக் கரிமங்களை அழிக்க இவ்வினையைப் பயன்படுத்தும் ஆய்வுகள் 1960களில் தொடங்கின. அசோ சாயங்களில் நிறத்துக்குக் காரணமான நைதரசன்-நைதரசன் இரட்டைப் பிணைப்பை ஐதராக்சில் தனியுறுப்பு சிதைக்கிறது. நிறத்தைத் தோற்றுவித்ததால் கவனிக்கப்பட்ட ஒரு வினை நிறத்தை நீக்கப் பயன்படுவது வியப்புக்குரியது. ஆயினும் நிறம் மறைந்த நீரெல்லாம் தூய நீரன்று. சாயம் உடைந்து உண்டாகும் அரோமாட்டிக் துணுக்குகள் எஞ்சியிருக்கக்கூடும். அவையும் கார்பன் டைஆக்சைடு வரை சிதைய வேண்டும்.

கரைந்த இரும்பைப் பயன்படுத்துவதில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. நீரின் பி.எச். மதிப்பை ஏறத்தாழ 3 என்ற அளவில் வைத்திருக்க வேண்டும். வினை முடிந்து நீரை நடுநிலையாக்கும்போது இரும்பு ஐதராக்சைடு சேறாகப் படிகிறது. ஒரு கழிவை நீக்கப்போய் மற்றொரு கழிவு சேர்கிறது. இதனைத் தவிர்க்கவே திண்ம வினையூக்கிகள் உருவாக்கப்பட்டன. சியோலைட்டு, களிமண், செயலூட்டிய கரி ஆகியவற்றின்மீது இரும்பைப் பொருத்தியும், மேக்னடைட்டு போன்ற இரும்புக் கனிமங்களை நேரடியாகவும் பயன்படுத்துகின்றனர். இவற்றை வடிகட்டி மீண்டும் பயன்படுத்தலாம். மேக்னடைட்டைக் காந்தத்தாலேயே பிரித்தெடுக்கலாம். வினை திண்மத்தின் பரப்பில் நிகழ்வதால் வேகம் பெரும்பாலும் குறைவு. அமில நீரில் இரும்பு சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறுவதும் உண்டு. அதனால் சாயத்தைச் சிதைத்தது திண்மமா, அதிலிருந்து கரைந்த இரும்பா என்பதைச் சோதித்தறிவது இவ்வகை ஆய்வுகளில் இன்றியமையாதது.