சகோதரர்களைப் பறித்த நோய்க்கு மருந்து தந்தவர்: யார் இந்த சுப்பாராவ்?

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கிராமம். அங்கே அரசுப் பள்ளியில் படித்த ஒரு மாணவிக்கு 7.5% இட ஒதுக்கீட்டில் எம்பிபிஎஸ் சீட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்விக் கட்டணத்தை அரசே கட்டிவிடும். ஆனால் அவருக்குத் தொற்றுநோய் ஆராய்ச்சியில் ஆர்வம் வந்தால்? வழிகாட்ட யார், செலவுக்கு யார்?

நூறு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு மாணவர் இதே கேள்வியோடு நின்றார். அவர் பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

படிக்கவே பணம் இல்லையா?

இல்லை. 1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். வீட்டில் வறுமை. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது நண்பர்கள் கைகொடுத்தார்கள். பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் உதவினார்.

காந்தியின் அழைப்பைக் கேட்டு, அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்எம்எஸ் பட்டம்தான் கிடைத்தது. பிறகு சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் பாடம் நடத்தினார்.

ஏன் தொற்றுநோய் பக்கம் போனார்?

சகோதரர்கள் இருவரை அடுத்தடுத்து பறிகொடுத்தார். வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல் நோய். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கும் ரத்தசோகையுமாக ஆள் உருகிப்போவார். அன்று அதற்குச் சரியான மருந்தே கிடையாது.

அமெரிக்கா எப்படிப் போனார்?

காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை பணம் தந்தது. மிச்சத்தை மாமனார் பார்த்துக்கொண்டார். 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் போய் இறங்கினார். ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பேராசிரியர் ரிச்சர்ட் ஸ்ட்ராங் ஆதரவு கொடுத்தார். உதவித்தொகை இல்லாததால், இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் பெட்பேன் கழுவும் வேலை. பகலில் படிப்பு.

பிறகு சைரஸ் ஃபிஸ்க்கின் ஆய்வகம். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்க இருவரும் 1925-ல் வெளியிட்ட முறை உலகம் முழுக்கப் பரவியது. உடல் செல்களின் ஆற்றல் நாணயமான ஏடிபி-யையும் கண்டறிந்தார்கள். அப்படியும் ஹார்வர்டு நிரந்தரப் பணி தரவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவன ஆய்வகத்துக்கு மாறினார்.

அங்கே என்ன நடந்தது?

இப்போது ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதும் ஆளைத் தேர்ந்தெடுத்து வழிநடத்துவதும் அவர் கையில் இருந்தது. அடுத்த எட்டு வருஷத்தில் அவர் தலைமையில் வந்தவை:

• ஃபோலிக் அமிலத்தின் செயற்கைத் தயாரிப்பு.

• யானைக்கால் நோய்க்கான டிஇசி மருந்து. தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொடுத்தார்களே, அந்த மாத்திரை.

• ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் வகையில் முதல் ஆன்டிபயாடிக். கண்டுபிடித்தவர் பெஞ்சமின் டக்கர். எழுபது வயதைத் தாண்டியவர். 1994 சூரத் பிளேக்கின்போது மக்கள் தேடி அலைந்தது இந்த வகை மருந்தைத்தான்.

• குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு எதிராக சிட்னி ஃபார்பர் பயன்படுத்திய அமினோப்டெரின்.

1948 ஆகஸ்டில், 53 வயதில், மாரடைப்பால் இறந்தார். கடைசிவரை ஊர் திரும்பவில்லை.

இன்று வெப்பமண்டல ஸ்ப்ரூ வந்தால் மருத்துவர்கள் தருவது இரண்டு மருந்து: ஃபோலிக் அமிலம், டெட்ராசைக்ளின். இரண்டுமே அவருடைய ஆய்வகத்தோடு பிணைந்தவை. சகோதரர்களைக் காப்பாற்ற முடியவில்லை, நோயை விடவில்லை.

இன்றைய மாணவர்களுக்கு என்ன வழி?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் இளநிலை மருத்துவ மாணவர்களுக்கானது. ஆய்வை முடித்தால் உதவித்தொகை உண்டு. ஆனால் விண்ணப்பிக்கவே ஒரு பேராசிரியர் வழிகாட்டியாக வர வேண்டும். பணத்துக்கு முன்னால், அந்த ஒருவர் சம்மதிக்கணும். சுப்பாராவுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் அப்படி யாரோ ஒருவர் இருந்தார்.