மண்ணின் உந்துதலைக் கணக்கிட்ட கூலூம்

இயற்பியல் பாடத்தில் மின்னூட்டத்தின் அலகு 'கூலூம்' என்று நாம் அனைவரும் மனப்பாடம் செய்கிறோம். அப்பெயருக்குரிய அறிஞர், மின்சாரத்தை ஆராய்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே மண்ணோடும் கல்லோடும் போராடியவர் என்பதை நம்மில் பலர் அறியோம். அவரது வாழ்வை இங்குச் சற்றுக் காண்போம்.

சார்லஸ் அகஸ்டின் டி கூலூம் 1736-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பிரான்சு நாட்டின் அங்குலேம் நகரில் பிறந்தார். கணிதத்தில் பேரார்வம் கொண்ட அவர், மெசியேர் நகரின் இராணுவப் பொறியியல் பள்ளியில் பயின்று 1761-இல் வெளிவந்தார். 1764-இல் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய மார்ட்டினிக்கிற்கு அனுப்பப்பட்டார். 1762-இல் ஆங்கிலேயர் கைப்பற்றி, மறு ஆண்டு உடன்படிக்கையின்படி திருப்பித் தந்த தீவு அது. அங்கே குன்றின்மீது போர்பொன் கோட்டையைக் கட்டும் பெரும்பணி அவரிடம் வந்தது.

கோட்டைச் சுவருக்குப் பின்னே மண்ணைக் கொட்டி நிரப்புவார்கள். அம்மண் சுவரை இடைவிடாது தள்ளிக்கொண்டே இருக்கும். சுவர் மெலிந்தால் சரிந்து உயிர்களைப் பறிக்கும். அளவுக்கு மீறித் தடித்தால் பொருளும் உழைப்பும் வீணாகும். அக்காலப் பொறியாளர்கள் முன்னோர் வகுத்த அட்டவணையைப் பார்த்தே சுவரின் தடிமனை முடிவுசெய்தனர். கூலூமோ, மண் உண்மையில் எவ்வளவு விசையுடன் தள்ளுகிறது என்று கேட்டார்.

கடும் வெப்பத்திலும் நோயிலும் உடல் நலிந்து, 1772-இல் அவர் தாயகம் திரும்பினார். மறு ஆண்டே பாரிஸ் அறிவியல் கழகத்தில் தம் ஆய்வுரையைப் படைத்தார். அது 1776-இல் அச்சேறியது.

அவர் கண்ட உண்மை இதுதான். சுவர் சிறிது விலகினால், பின்னுள்ள மண் ஆப்பு வடிவத் துண்டாகப் பிரிந்து ஒரு சாய்தளத்தில் வழுக்க முயலும். அதைத் தடுப்பவை இரண்டு: ஒன்று, அழுத்தம் கூடக்கூடத் தானும் கூடும் உராய்வு, மற்றொன்று, மண் துகள்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் பிணைப்பு. சாய்தளம் எந்தக் கோணத்தில் அமையும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே எக்கோணத்தில் உந்துதல் மிகப் பெரிதாகும் என்பதைக் கணிதத்தால் கண்டு, அதற்கு ஈடுகொடுக்கும்படி சுவரை அமைக்கச் சொன்னார். கீழிறங்கும் மண்ணைச் சுவரின் சொரசொரப்பான முதுகும் பிடித்து நிறுத்துகிறது என்பதையும் அவர் மறக்கவில்லை. அந்த உராய்வைச் சேர்த்தால் சுவர்மீது விழும் தள்ளுவிசை குறைகிறது.

பலருக்கு அக்கணிதம் கடினமாயிருந்ததால், அவ்வாய்வு உரிய மதிப்பைப் பெறப் பல ஆண்டுகள் சென்றன. கூலூம் சோர்ந்துவிடவில்லை. ரோஷ்ஃபோர் கப்பல் தளத்தில் உராய்வைப் பற்றிப் பற்பல சோதனைகள் நடத்தி, 1781-இல் அறிவியல் கழகத்தின் பரிசை வென்றார். அவ்வாண்டே அதன் உறுப்பினரும் ஆனார். மின்னூட்டங்களிடையே உள்ள விசையைப் பற்றிய புகழ்மிக்க விதியை 1785-இல் வெளியிட்டார். 1806 ஆகஸ்டு 23-ஆம் நாள் பாரிஸில் மறைந்தார். 1881-இல் மின்னூட்ட அலகு அவர் பெயரைப் பெற்றது.

இன்று மண்ணுக்கும் கட்டடத்துக்கும் இடையேயுள்ள உராய்வைக் கணிப்பொறியில் மாதிரியாக அமைப்போரும், பெரும்பாலும் அவர் விதியிலிருந்தே தொடங்குகின்றனர். பின்னாளில் ஜெர்மானிய அறிஞர் மோர் அதை விரிவாக்கியதால், இருவர் பெயரும் இணைந்தே அது வழங்குகிறது.

அன்பு மாணவிகளே, மலைப்பாதையில் பேருந்தில் செல்லும்போது, சரிவைத் தாங்கி நிற்கும் கற்சுவர்களை நாம் காண்கிறோம். வழக்கம் இதுவே என்று விட்டுவிடாமல் காரணத்தைத் தேடிய ஒருவரின் உழைப்பும் அச்சுவர்களைத் தாங்கி நிற்கிறது. நமக்கு அளிக்கப்பட்ட பணி எத்துணை எளியதாயினும், அதனுள் மறைந்திருக்கும் 'ஏன்' என்னும் வினாவை நாமும் தேடிக் காண்போமாக!